பதினேழாம் எண் மெட்டு

தொலைக்காட்சிப் போட்டியில் எனக்கு ஒதுக்கிய மெட்டு ஒரு செவ்வாய்க்கிழமை காலை டவுன் பஸ்ஸில் வந்து இறங்கியது. ஐம்பது வயது இருக்கும். அரைக்கைச் சட்டை, பழுப்பு பேன்ட், தோளில் ஒரு ரெக்சின் பை. சட்டைப்பைக்கு மேல் 17 என்று எழுதிய அட்டை குத்தியிருந்தது. நான் கதவைத் திறந்ததும், "தானன தானன தானான" என்றார்.

வாங்க என்றேன். அவர் செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

இப்போதெல்லாம் மெட்டை ஆளாகத்தான் அனுப்புகிறார்கள். முன்பு கேசட்டில் அனுப்பினார்களாம். கேசட் தபாலில் தொலைந்துவிடும். ஆள் என்றால் வழி கேட்டு வந்து சேர்ந்துவிடுவார். இவர் எப்படி வழி கேட்டார் என்று மட்டும் எனக்கு இன்றுவரை தெரியாது. இவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு வரி. அதிலும் வார்த்தை கிடையாது.

போட்டியின் பெயர் 'ஊர் பேர் தெரியாதவர்'. யாராலும் கண்டுகொள்ளப்படாத பாடலாசிரியர்களுக்கானது. நான் நாமக்கல்லில் ஒரு எடைமேடையில் வேலை பார்க்கிறேன். லாரிகளை எடை போட்டுச் சீட்டுக் கொடுப்பேன். வெறும் லாரி ஒரு தடவை, பாரத்தோடு ஒரு தடவை. இரண்டுக்கும் நடுவே இருக்கிற நேரத்தில் இருபத்தாறு வருஷமாகப் பாட்டு எழுதுகிறேன். ஒன்றும் வெளியே போனதில்லை. திரையில் 'பாடல்: குழந்தைவேலு' என்று ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பது என் ஆசை. பெரிய ஆசைதான். மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

விண்ணப்பத்தில் ஒரு சிக்கல் இருந்தது. நான் கண்டுகொள்ளப்படாதவன் என்பதற்கு, என்னைத் தெரியாத இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். பஸ் ஸ்டாண்டில் ஒருவரிடம் கேட்டேன். எதற்கு, நீங்கள் யார் என்றார். சொன்னேன். சொன்னதும் அவருக்கு என்னைத் தெரிந்துவிட்டது. கையெழுத்துச் செல்லாது. இப்படிப் பதினான்கு பேருக்கு என்னைத் தெரிந்துபோயிற்று. இனி நாமக்கல்லில் தெரியாதவர் மிஞ்ச மாட்டார்கள் என்று பயம் வந்துவிட்டது.

கடைசியில் எங்கள் மேலாளர் போட்டுக்கொடுத்தார். பத்தொன்பது வருஷமாக அவர் கீழேதான் வேலை. என்னை ஏற இறங்கப் பார்த்து, கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். சத்தியமாகத் தெரியவில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டார். இரண்டாவது கையெழுத்தும் அவரே போட்டார். அவ்வளவு தூரம் தெரியவில்லையாம்.

மெட்டு வந்த அன்று என் மனைவி கோகிலாமணி அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு, "தானன" என்றார். இன்னும் வேணுமா, போதுமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. இன்னொரு சொம்பு கொடுத்தாள். அதையும் குடித்தார். மூன்றாவது சொம்பையும் குடித்தார். மறுக்கத் தெரியாத மனுஷன்.

"ஏனுங்க, இவரு எத்தன நாளைக்கு இருப்பாரு?" என்று என்னைத் தனியாகக் கேட்டாள்.

வார்த்தை உட்காருகிற வரைக்கும் என்றேன். சமையலறைக்குப் பக்கத்து அறையில் பாய் போட்டுக் கொடுத்தோம்.

ஒரு மெட்டுக்கு நாம் என்ன வார்த்தை போடுகிறோமோ அதை மட்டும்தான் அதனால் பேச முடியும். வேறு பேச்சு வராது. இது அவர் கொண்டுவந்த கடிதத்திலேயே இருந்தது. பல்லவியை வீட்டில் எழுத வேண்டும், சரணத்தை மேடையில் தருவார்கள், மேடையில் பாடிய வார்த்தையைப் பிறகு கழற்ற முடியாது என்றும் இருந்தது.

முதல் நாளே அவருக்கு டம்மி போட்டேன். பாட்டுத் தொழிலில் இது ஒரு வழக்கம். மெட்டு தயாராகிவிட்டது, பாட்டு இன்னும் வரவில்லை என்றால், சந்தம் மறந்துபோகாமல் இருக்க வாய்க்கு வந்த வார்த்தையைப் போட்டுப் பாடி வைப்பார்கள். அதுதான் டம்மி. அசல் வரி வந்ததும் டம்மியைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். நான் சமையலறைப் பக்கம் காதை வைத்துக்கொண்டு, விழுந்ததை எல்லாம் சந்தத்தில் கட்டினேன்.

சாவிய எங்கதான் வச்சீங்க
மாவுல உப்புதான் பத்தாது
மேற்குல மின்னுது பாருங்க
கேட்டுல யாரது கேளுங்க

மூன்று தடவை அவருக்கு எதிரே உட்கார்ந்து பாடினேன். மூன்றாவது தடவை முடிந்ததும் எழுந்து சமையலறைக்குப் போனார். பாத்திரத்தில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "மாவுல உப்புதான் பத்தாது" என்றார்.

கோகிலாமணியும் வைத்துப் பார்த்தாள். உண்மையிலேயே பத்தவில்லை.

அன்றிலிருந்து அவர் எங்கள் வீட்டில் ஓர் ஆளாகிவிட்டார். நான் வேலைக்குக் கிளம்பும்போது வண்டிச் சாவியைத் தேடினால், எனக்கு முன்னால் அவர் கேட்பார். மேற்கே கறுத்துக்கொண்டு வந்தால் மொட்டை மாடியில் துணி காய்கிறது என்று அவருக்குத் தெரியும். மின்னுது பாருங்க என்பார். அவள் ஓடுவாள். கேட் பக்கம் நிழலாடினால் விடமாட்டார். நான்கு வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் இவ்வளவு குடும்பம் நடத்த முடியும் என்று நான் நினைக்கவில்லை. என் மச்சானுக்கு லட்சம் வாக்கியம் தெரியும். ஒரு நாள்கூடத் துணியை எடுத்ததில்லை.

சில சமயம் வேறு அர்த்தத்திலும் பேசுவார். ஞாயிற்றுக்கிழமை நான் தூங்கிக்கொண்டே இருந்தால் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சாவிய எங்கதான் வச்சீங்க என்பார். எழுந்திரு என்று சொல்கிறார். கோகிலாமணி அண்ணே என்று கூப்பிட ஆரம்பித்தாள். சந்தைக்குப் போனால் மூன்று ஆளுக்குக் காய் வாங்கினாள். எனக்கு அது பிடித்திருந்தது. எடைமேடையிலிருந்து சாயங்காலம் நேராக வீட்டுக்கு வந்தேன்.

டம்மியை மூன்று நாளைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் அசல் வரி உட்காராது. பாட்டு எழுதுகிற எல்லாருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். நான் ஏழு வாரம் வைத்திருந்தேன்.

அசல் வரி என்னிடம் இல்லாமல் இல்லை. இருபத்தாறு வருஷமாகச் செதுக்கிவைத்த வரி அது.

ஆழியின் நீலமே பேசாயோ
ஆயிரம் யாமமாய்க் காத்தேனே

நாமக்கல்லில் கடல் கிடையாது. அதனால்தான் கடலைப் பற்றி எழுதினேன். இதற்கு மேல் என்னால் எழுத முடியாது. அதுவும் எனக்குத் தெரியும்.

இறுதிச் சுற்றுக்கு நாலு நாள் இருக்கும்போது சென்னைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. அன்று காலை அவரை உட்காரவைத்து அசல் வரியைப் பாடினேன். உட்காரவில்லை. அவர் தோளைக் குலுக்கினார், வார்த்தை நழுவிக் கீழே விழுந்தது. மறுபடி பாடினேன். நாற்பது தடவை பாடியிருப்பேன். மத்தியானம் பிடித்துக்கொண்டது. அவர் வாயைத் திறந்து, "ஆழியின் நீலமே பேசாயோ" என்றார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. என் வரியை இன்னொருவர் வாயிலிருந்து கேட்பது அதுதான் முதல் தடவை. நான் அழுதேன். அழுததைச் சொல்வதில் வெட்கமில்லை.

சாயங்காலம் அவர் பால் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கப் போனார். கைப்பிடி ஆடியது. கொதிக்கிற பால் அத்தனையும் இடது கையில் கொட்டிவிட்டது.

"ஆழியின் நீலமே" என்றார். "ஆழியின் நீலமே. ஆழியின் நீலமே."

கத்தவில்லை. மெட்டு என்ன சுருதியோ அதே சுருதியில்தான் சொல்ல முடியும். கோகிலாமணி கூடத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்தாள். அண்ணன் பாட்டுப் பாடுகிறார் என்று நினைத்து, அவளும் கூடவே முனகினாள். நான் போய்ப் பார்க்கும்போது கை மணிக்கட்டு வரைக்கும் வெந்திருந்தது. அவர் ஆயிரம் யாமமாய்க் காத்தேனே என்று சொல்லிக்கொண்டு நின்றார்.

தண்ணீரில் கையைப் பிடித்து, மருந்து போட்டு, துணி சுற்றி முடித்தாள் கோகிலாமணி. பிறகு என்னைப் பார்த்தாள்.

"அதக் கழட்டுங்க" என்றாள்.

கழற்றினேன். பழைய டம்மி தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. அவர் கையைப் பார்த்துக்கொண்டே, மாவுல உப்புதான் பத்தாது என்று ரொம்ப நேரம் சொல்லிக்கொண்டிருந்தார். வலிக்கு அவரிடம் வார்த்தை இல்லை. நான் அதைப் போட நினைத்ததும் இல்லை.

இருந்தாலும் சென்னைக்குக் கிளம்பினோம். அசல் வரி எழுதிய தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். மேடையில் பாடினால் போதும், பிடித்துக்கொள்ளும். கோகிலாமணி பஸ்ஸில் என்னோடு பேசவில்லை. அவருக்கு ஜன்னலோர சீட்டைக் கொடுத்துவிட்டு நடுவில் உட்கார்ந்தாள்.

தொலைக்காட்சி நிலையத்தில் ஒருங்கிணைப்பாளர் வினோதினி என்று ஒரு பெண் எங்களை வரவேற்றார். கழுத்தில் பதினோரு அடையாள அட்டை. ஒன்றில்கூட அவர் பெயர் இல்லை. நேராகப் போங்க, நடைபாதை முடிகிற இடத்தில் ஸ்டூடியோ என்றார்.

நடந்தோம். நடைபாதை முடியவில்லை. நாங்கள் நடக்க நடக்க அது நீண்டது. சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தை மூன்று தடவை கடந்தோம். மூன்று தடவையும் பத்தேகால். எதிரே ஒருவர் ட்ராலி தள்ளிக்கொண்டு வந்தார். இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டேன்.

"நடக்குறீங்களா?" என்றார்.

ஆமாம் என்றேன்.

"அப்ப தூரம்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கோகிலாமணிக்குக் கால் வலித்தது. அப்படியே சுவரோரம் உட்கார்ந்து புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தாள். மூன்று பேரும் சாப்பிட்டோம். கை கழுவலாம் என்று எழுந்தபோது ஸ்டூடியோ வாசல் பக்கத்திலேயே இருந்தது.

உள்ளே வைத்து வினோதினி விதியை விளக்கினார். ஜெயிக்கிறவர் பெயர் திரையில் வரும். அவருடைய மெட்டு நிலையத்தின் சேமிப்பு அறைக்குப் போகும். அங்கே இரும்பு அலமாரிகள் இருக்கின்றன, காற்றோட்டம் பரவாயில்லை. தோற்கிறவரின் மெட்டு விளம்பரத்துக்குப் போகும். பினாயிலுக்கும் மூட்டுவலித் தைலத்துக்கும் இப்போது தேவை அதிகமாம்.

டம்மியையே பாடினால் என்ன ஆகும் என்று கேட்டேன். சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

"டம்மி பாட்டு கிடையாது சார். எழுதலைன்னு அர்த்தம்."

அந்த மெட்டு எங்கே போகும் என்றேன்.

"இதுவரைக்கும் யாரும் அப்படிப் பண்ணது இல்லை. அதுக்குன்னு ஒரு இடம் வைக்கலை."

போட்டியாளர் கதி என்ன என்று கேட்டேன். அவர் பெயரை எந்தத் திரையிலும் எந்தக் காலத்திலும் போட மாட்டார்கள், அதற்கு ஒரு பட்டியல் இருக்கிறது என்றார்.

நடுவர்கள் மூன்று பேர். ஒருவர் இடது காதால் மட்டும் கேட்பார், அதனால் மேடைக்குப் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்திருந்தார். இரண்டாமவர் ஒவ்வொரு வரிக்கும் சந்தேகம் கேட்பார். மூன்றாவது நடுவர் ஒரு காலி நாற்காலி. அவர்தான் கறார் என்று எல்லாரும் சொன்னார்கள்.

இறுதிச் சுற்றுக்கு வந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். இன்னொருவர் தூத்துக்குடி பாக்கியநாதன். உப்பளத்தில் கணக்குப்பிள்ளை. நல்ல மனிதர். அவருடைய மெட்டு ஒன்பதாம் எண், உயரமான ஒரு பெண்மணி. 'நித்திய ஜோதியின் நிழல் நானே' என்று அந்த அம்மாளுக்கு எழுதியிருந்தார். கேட்டபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. அவர் ஊரில் கடல் இருக்கிறது, அவர் அதைத் தொடவே இல்லை.

பாக்கியநாதன் பல்லவியையும் சரணத்தையும் பாடி முடித்தார். அடுத்தது நான். மேடையில் போய் நின்றதும் விளம்பர இடைவேளை விட்டார்கள். இடைவேளை பதினோரு நாள்.

அதுவரை யாரும் மேடையை விட்டு இறங்கக் கூடாது. எங்களுக்கு அது பெரிய சிரமமாக இல்லை. மேடையின் ஓரத்தில்தான் ஒரு குக்கர் விளம்பரம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் ஓய்வு எடுக்கும்போது கோகிலாமணி அதில் பருப்பு வேகவைத்துக்கொண்டாள். விளக்குச் சூட்டில் துணி நன்றாகக் காய்ந்தது. எங்கள் ஆள் ஒவ்வொரு நாளும் மேற்கே பார்த்துக்கொண்டார். மேற்கே ஒரு பெரிய மின்விசிறி இருந்தது.

எனக்கு எதிரே ஒரு டிவி வைத்திருந்தார்கள். முன்கூட்டியே தயார் செய்துவிட்டோம், எழுத்துப் பிழை இருந்தால் சொல்லுங்கள் என்றார் வினோதினி. திரையில் மஞ்சள் எழுத்தில் 'பாடல்: குழந்தைவேலு' என்று இருந்தது. பிழை இல்லை. பதினோரு நாளும் எழுந்தவுடன் அதைப் பார்த்தேன். படுக்கும் முன்னும் பார்த்தேன். அழகாக இருந்தது. எழுத்துக்கு ஓரத்தில் கறுப்புக் கோடு கொடுத்திருந்தார்கள்.

எட்டாம் நாள் ஒன்பதாம் எண் அம்மாளுக்குத் தாகம் எடுத்தது. எங்களுக்கு அது தெரியாது. அவர் நித்திய ஜோதியின் நிழல் நானே என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கொஞ்சம் கொஞ்சமாகக் குரல் காய்ந்துகொண்டு வந்தது.

"பாத்தியளா, என்ன உருக்கம்" என்றார் பாக்கியநாதன். அவர் கண்ணில் நீர் கோத்திருந்தது.

எங்கள் ஆள்தான் எழுந்தார். கோகிலாமணியின் தண்ணீர்ப் பாட்டிலைக் கொண்டுபோய் அந்த அம்மாள் கையில் கொடுத்தார். அவர் மூச்சுவிடாமல் முழுவதையும் குடித்தார். குடித்துவிட்டு அதே வரியைச் சொன்னார். எங்கள் ஆள் தன் கைக்கட்டைப் பார்த்துக்கொண்டே திரும்பி வந்து உட்கார்ந்தார். நான் அன்றைக்குத் திரையைப் பார்க்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் இடைவேளை முடிந்தது. பார்வையாளர்கள் கை தட்டினார்கள். வினோதினி மேடைக்குக் கீழிருந்து, சரணத்தைத் திறக்கலாம், எழுத ஐந்து நிமிஷம் என்றார்.

எங்கள் ஆள் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "தனதன தந்தா" என்றார். அதையே ஐந்து தடவை சொன்னார். ஆறாவதாக, தனியாக ஒரு "தன்ன" மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார். இத்தனை நாள் இதை அவர் உள்ளே வைத்திருந்தார் என்று எனக்குத் தெரியாது. நல்ல சரணம். ஒரு நிமிஷம் அதை ரசித்தேன். அதற்குள் ஐந்து நிமிஷத்தில் ஒன்று போய்விட்டது.

சட்டைப்பையில் அலை, நுரை, முத்து என்று சரணத்துக்கு வேண்டிய எல்லாம் எழுதி வைத்திருந்தேன். எந்தச் சந்தத்திலும் உட்காரும். தாளை எடுத்தேன். எதிரே மஞ்சள் எழுத்தில் என் பெயர் இருந்தது. பக்கத்தில் அவர், துணி சுற்றிய கையை மறு கையால் பிடித்துக்கொண்டு நின்றார். நான் என்ன போட்டாலும் அவர் வாங்கிக்கொள்வார்.

தாளைத் திரும்ப மடித்துப் பைக்குள் வைத்தேன்.

கோகிலாமணி மேடையோரம் குக்கர் பக்கத்தில் இருந்தாள். அவளிடம் போய்க் கேட்டேன்.

"ஒரு ஆளுக்கு என்னென்ன வேணும்?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு யோசித்தாள்.

"சோறு வேணும். போத்திக்க ஒண்ணு வேணும்" என்றாள். "அப்புறம், வேண்டாம்னு சொல்ல ஒரு வார்த்த வேணுங்க. மொத நாளு மூணு சொம்பு தண்ணியக் குடிச்சுப்போட்டு முழிச்சுட்டு நின்னாரே."

எழுதினேன். வெறுந்தாள் இல்லை, கையில் எழுதினேன். இருபத்தாறு வருஷத்தில் இவ்வளவு வேகமாக எழுதியதில்லை. கடைசியில் அந்த 'தன்ன' மட்டும் மீதி நின்றது. ஏழு விநாடி இருந்தது. அதில் என்ன பிடிக்கும்? வாயில் வந்ததைப் போட்டேன்.

மேடை நடுவே அவருக்கு எதிரே போய் நின்றேன். பல்லவி டம்மியாகவே இருக்கட்டும் என்று அதையே பாடினேன். இடது காது நடுவர் சட்டென்று நேராகத் திரும்பினார். பிறகு சரணத்தைப் பாடினேன்.

பசிக்குது சோறு
குளிருது போர்வை
பிடிக்கலை வேண்டாம்
வலிக்குது இங்கே
இருக்கிறேன் நானும்
நம்ம

ஒரே தடவைதான் பாடினேன். மூன்று தடவை வேண்டியிருக்கவில்லை. கழற்ற முடியாதபடி உட்கார்ந்துவிட்டது.

அவர் வாயில் புதிதாக எதையோ போட்டுக்கொண்டவர் மாதிரி நாக்கைப் புரட்டினார். பிறகு இடது கையை மெல்லத் தூக்கி, வலது கையால் கட்டைத் தொட்டுக் காட்டினார்.

"வலிக்குது இங்கே" என்றார்.

பதினைந்து நாளாக அவர் அதைச் சொல்லக் காத்திருந்தார். கோகிலாமணி குக்கரை இறக்கிவைத்துவிட்டு மேடைக்கு வந்து கட்டை அவிழ்த்துப் பார்த்தாள். எங்கே, இங்கேயா, இன்னும் மேலேயா என்று கேட்டாள். அவர் ஒவ்வொரு இடமாகக் காட்டி, இங்கே, இங்கே என்றார். எல்லாக் கேமராக்களும் அதைப் படம் எடுத்தன. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

இடது காது நடுவர், இது டம்மி என்றார். நான் மறுக்கவில்லை.

இரண்டாமவர் கேட்டார். "மாவுல உப்புன்னா, எந்த மாவு?"

"இட்லி மாவுங்க" என்றாள் கோகிலாமணி.

அவருக்குச் சந்தேகம் தீர்ந்தது. இதுவரை அவருக்கு எந்தப் பாட்டிலும் தீர்ந்ததில்லையாம். காலி நாற்காலி ஒன்றும் சொல்லவில்லை. அது எப்போதுமே ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் இது வேறு மாதிரி இருந்தது.

முடிவை அறிவித்தார்கள். பாக்கியநாதன் ஜெயித்தார். எனக்கு எதிரே இருந்த டிவியில் என் பெயர் ஒவ்வொரு எழுத்தாக மறைந்தது. குழந்தைவேலு என்பதில் குழந்தை கடைசிவரை இருந்தது, பிறகு அதுவும் போய்விட்டது. எனக்கு வருத்தமாக இருந்தது. நெஞ்சுக்குள் ஒரு லாரி ஏறி இறங்கிய மாதிரி இருந்தது. லாரி போன பிறகு எடைமேடை எப்படி லேசாக இருக்குமோ அப்படியும் இருந்தது. பாக்கியநாதனின் கையைப் பிடித்து வாழ்த்துச் சொன்னேன். ஒன்பதாம் எண் அம்மாளைச் சேமிப்பு அறைக்கு அழைத்துப் போனார்கள். போகும்போது அவர் எங்கள் ஆளைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

வினோதினி எங்களை ஒரு மேஜைக்குக் கூட்டிப் போனார். என் பாட்டு எழுதப்படவில்லை என்று பதிவாகிவிட்டது. அதனால் பதினேழாம் எண் ஜெயித்த மெட்டும் இல்லை, தோற்ற மெட்டும் இல்லை. அலமாரிக்கும் அனுப்ப முடியாது, பினாயிலுக்கும் அனுப்ப முடியாது. வார்த்தை உட்காருகிற வரைக்கும் எழுதுகிறவர் பொறுப்பிலேயே இருக்க வேண்டும். அதற்குப் படிவம் கிடையாது என்பதால், காணாமல் போன குடைகளுக்கான படிவத்தில் 'குடை' என்பதை அடித்துவிட்டு 'மெட்டு' என்று எழுதிக்கொண்டார்.

"எப்ப உட்காரும் சார்?"

தெரியாது என்றேன். தேதிக் கட்டத்தில் 'தெரியாது' என்று எழுதினார்.

பெயர் கேட்டார். பதினேழு என்றேன். அடையாளம் கேட்டார். இடது கையில் தழும்பு என்றாள் கோகிலாமணி. பிறகு அவர் படிவத்தைத் திருப்பிப் பார்த்து உதட்டைச் சுழித்தார்.

"உங்களுக்கு இவர் என்ன உறவு? அது இல்லாம வெளியில விட முடியாது. உறவு இல்லைன்னா கேட்பாரற்றதுன்னு விளம்பரத்துக்கு எடுத்துக்குவாங்க."

நான் யோசித்தேன். பாடலாசிரியர் என்று சொல்ல முடியாது, திரையில் போடக் கூடாதவர்கள் பட்டியலில் என்னைச் சேர்த்துவிட்டார்கள். விருந்தாளி என்று சொல்ல மனசு வரவில்லை. கோகிலாமணி அண்ணன் என்று சொல்லப் போனாள். கூடப்பிறந்தவரா, சான்றிதழ் இருக்கிறதா என்றார் வினோதினி. இல்லை. மேஜைக்குப் பின்னால் இரண்டு ஆட்கள் ஒரு தள்ளுவண்டியோடு வந்து நின்றார்கள். வண்டியில் பினாயில் கம்பெனியின் பெயர் இருந்தது.

"அப்ப அவரையே கேட்டுடறேன்" என்றார் வினோதினி. "நீங்க இவங்களுக்கு யாரு?"

தன்னிடம் இருந்ததை எல்லாம் எடுத்து வைத்துப் பார்க்கிறவர் மாதிரி அவர் உதடு அசைந்தது. அவரிடம் இருந்ததே கொஞ்சம். அண்ணன் இல்லை, நண்பர் இல்லை, அப்படி எதையும் நான் அவருக்குப் போட்டிருக்கவில்லை. எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. இரண்டு நிமிஷம் கூட இருந்திருந்தால் போட்டிருக்கலாம். தள்ளுவண்டிக்காரர்களில் ஒருவர் அவருடைய ரெக்சின் பையைத் தூக்கினார். எங்கள் ஆள் அந்தக் கையைத் தொட்டு, வேண்டாம் என்றார். வண்டிக்காரர் பையை வைத்துவிட்டார்.

பிறகு எங்கள் ஆள் எனக்கும் கோகிலாமணிக்கும் நடுவில் வந்து நின்றார்.

"நானும்" என்றார். கொஞ்சம் நிறுத்தினார். "நானும் நம்ம."

வினோதினி பேனாவைக் கீழே வைத்தார். அப்படி ஒரு உறவு முறை படிவத்தில் இல்லை என்றார். "எழுதுங்க" என்றாள் கோகிலாமணி. அவர் பேனாவை எடுத்து எழுதினார். கட்டம் சின்னது. கடைசி எழுத்து கோட்டைத் தாண்டி வெளியே வந்துவிட்டது. பரவாயில்லை என்று சொல்லி முத்திரை குத்தினார்.